எறும்பின் வழி: காவிரிக் கரையில் யோகமும் சரணாகதியும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவெறும்பூர்க் குன்று. தேவாரம் இதனை எறும்பியூர் என்று வழங்குகிறது. அப்பரடிகள் பாடிய தலம். முற்சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கற்றளி. இன்று இவ்வூரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவில் எழுவது 1960-களில் இங்கு எழுந்த பாரத மிகுமின் நிறுவனமாகத்தான் இருக்கும். ஆயினும் ஊருக்குப் பெயர் தந்த தலபுராணக் கதை, சமய வரலாற்றில் ஆர்வமுடையோர் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள், அவன் கண்ணில் படாமல் சிவபெருமானை வழிபட எறும்புருக் கொண்டு இக்குன்றின் மீது ஏறினர். இலிங்கத் திருமேனியோ எண்ணெய்ப் பசையால் வழுவழுப்பாக இருந்தது. ஏறிய எறும்புகள் வழுக்கி விழுந்தன. அதைக் கண்ட இறைவன் தன்னைப் புற்றாக மாற்றிக்கொண்டு, அவை எளிதில் ஏறும்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுத்தான். எறும்பீசர் என்ற பெயரும் அதனால் அமைந்தது.

உயிர் விடுதலை பெறுவது தன் முயற்சியாலா, இறைவன் அருளாலா என்ற பழைய வினாவை இக்கதை தன் போக்கில் எழுப்பிவிடுகிறது. எறும்பு ஏறத்தான் வேண்டும். ஆனால் இறைவனும் சாயத்தான் வேண்டும். இக்குன்றுக்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ள திருவரங்கத்திலும் மலைக்கோட்டையிலும் இதே வினா பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதத்தில் யோகம் என்னும் பயிற்சி நெறி எந்த இடத்தில் இருந்தது, ஏன் பின்னுக்குச் சென்றது என்பதைச் சற்று விரிவாகக் காண்பதே நம் நோக்கம்.

எறும்பும் பறவையும்

யோகம் என்ற சொல்லுக்குப் பூட்டுதல், இணைத்தல் என்பது வேர்ப்பொருள். பதஞ்சலியின் யோக சூத்திரம் இயமம் தொடங்கிச் சமாதி ஈறாக எட்டு உறுப்புகளை வகுத்தது. மனத்தின் அலைவுகளை அடக்குதலே யோகம் என்பது அந்நூலின் இலக்கணம். பகவத் கீதையோ தன் 18 அத்தியாயங்களையும் யோகம் என்றே பெயரிட்டு அழைக்கிறது. கருமம், ஞானம், பக்தி என்ற மூன்றும் அதனுள் யோகங்களாகப் பேசப்படுகின்றன. இன்று நாம் பள்ளிப் பாடம்போல் ஒப்பிக்கும் கரும யோகம், பக்தி யோகம், ஞான யோகம், இராஜ யோகம் என்ற நால்வகைப் பகுப்பு இவ்வடிவில் பரவியது பெரிதும் விவேகானந்தருக்குப் பிறகே. அவருடைய இராஜ யோகம் என்னும் நூல் 1896-இல் வெளிவந்தது.

நம் குன்றுக்கு நெருக்கமான ஓர் உவமை வராக உபநிடதத்தில் இருக்கிறது. 108 உபநிடதங்களின் பட்டியலில் இடம்பெறும் இந்நூல், விடுதலைக்கு இரண்டு வழிகளைக் கூறுகிறது. ஒன்று சுகர் சென்ற வழி. அது பறவையின் வழி. மற்றது வாமதேவர் சென்ற வழி. அது எறும்பின் வழி. பறவை கிளையிலிருக்கும் கனியை ஒரே பறத்தலில் அடைந்துவிடுகிறது. மெய்யறிவால் உடனே விடுதலை பெறுவோர் அத்தகையோர். எறும்போ அடிமரத்திலிருந்து ஊர்ந்து செல்ல வேண்டும். இயமம், ஆசனம் முதலியவற்றை மீண்டும் மீண்டும் பழகும் யோகியின் நிலை இது. இடையில் இடையூறுகள் வரும். அணிமா முதலிய சித்திகளே மயக்கித் தடுக்கவும் கூடும். பயன் கைகூடாமலே உடல் விழுந்தால், மறுபிறவியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் பல பிறவிகளில் அவன் விடுதலை அடைகிறான்.

திருவெறும்பூர்த் தலபுராணம் இந்த உவமையிலிருந்து பிறந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது என்பதையே சுட்ட விரும்புகிறோம். உபநிடதத்தின் எறும்புக்குத் துணையாக இருப்பது பழக்கம் ஒன்றே. மரம் அதற்காக வளைவதில்லை. திருவெறும்பூரின் எறும்புக்கோ சிகரமே சாய்ந்து கொடுக்கிறது.

நாதமுனிகளின் இரு செல்வங்கள்

வைணவ ஆசாரிய மரபின் முதல்வர் நாதமுனிகள் வீரநாராயணபுரத்தில், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலில் தோன்றியவர். ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடித் தொகுத்து நாலாயிர திவ்வியப் பிரபந்தமாக நமக்கு அளித்தவர் என்பதே அவரைப் பற்றி இலக்கிய மாணவர் அறிந்த செய்தி. ஆனால் குருபரம்பரை நூல்கள் அவரை ஒரு பெரும் யோகியாகவும் காட்டுகின்றன. யோக ரகசியம் என்ற நூல் ஒன்றை அவர் இயற்றினார் என்பது மரபு. அந்நூல் பின்னர் வழக்கொழிந்தது.

ஆக, நாதமுனிகளிடம் இரண்டு செல்வங்கள் இருந்தன: ஒன்று யோகம், மற்றது பிரபந்தம். இவற்றை அவர் மாணாக்கருக்குப் பகிர்ந்தளித்த முறை பற்றிக் குருபரம்பரை சொல்லும் செய்தி மிக முக்கியமானது. குருகைக் காவலப்பன் யோகத்தைப் பெற்றார். உய்யக்கொண்டாரிடம் எது வேண்டும் என்று கேட்டபோது, வீட்டில் பிணம் கிடக்கையில் எவரேனும் மணம் புரிந்து மகிழ்வாரோ என்று அவர் திருப்பிக் கேட்டாராம். உலகத்தார் பிறவித் துயரில் கிடக்கும்போது தான் மட்டும் தனித்திருந்து யோக இன்பம் துய்ப்பது தகாது என்பது அதன் கருத்து. எனவே அவர் பிரபந்தத்தையும் அதன் பொருளையும் பரப்பும் பணியை ஏற்றார். உலகை உய்யக்கொள்ள வந்தவர் என்று ஆசிரியர் அவரைப் பாராட்டிய பெயரே நிலைத்தது.

இந்நிகழ்ச்சி நடந்தவாறே நடந்ததா என்பதை வரலாற்றுச் சான்றுகளால் நிறுவ இயலாது. ஆனால் பிற்கால மரபு தன்னை எவ்வாறு புரிந்துகொண்டது என்பதற்கு இதுவே சிறந்த சான்று. யோகம் பொய் என்று உய்யக்கொண்டார் கூறவில்லை. அதன் பயனையும் அவர் மறுக்கவில்லை. ஒருவரை மட்டும் கரையேற்றும் வழி போதுமா என்பதே அவருடைய தயக்கம்.

தவறிய நாள்

உய்யக்கொண்டாரின் மாணாக்கர் மணக்கால் நம்பி. அவர் நாதமுனிகளின் பெயரராகிய ஆளவந்தாரைத் தேடிச் சென்று, கீதையின் பொருளைக் கற்பித்துத் திருவரங்கத்துக்கு அழைத்து வந்தார். அந்தக் கல்வியின் பயன் என்று கொள்ளத்தக்க கீதார்த்த சங்கிரகம் 32 சுலோகங்களே கொண்ட சிறுநூல். கீதை முழுவதையும் கருமம், ஞானம், பக்தி என்ற வரிசையில் அடுக்கி, முன்னிரண்டும் பக்திக்குத் துணை செய்வன என்று அது காட்டுகிறது. பின்வந்த இராமானுசரின் கீதை உரைக்கு அடித்தளம் இதுவே.

பாட்டனாரின் பிரபந்தச் செல்வம் கைக்கு வந்துவிட்டது. யோகச் செல்வம் இன்னும் குருகைக் காவலப்பனிடம் இருந்தது. ஆளவந்தார் அவரை நாடிச் சென்றார். யோகத்தில் அமர்ந்திருந்த பெரியவருக்கு இடையூறு நேராதபடி சுவருக்குப் பின்னால் ஓசையின்றி நின்றார் என்றும், காவலப்பனோ நாதமுனிகளின் சொட்டைக் குலத்தார் எவரேனும் இங்கு வந்திருக்கிறீரோ என்று கேட்டார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. தாம் உடலை விடப்போகும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்குள் வந்து யோக ரகசியத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு காவலப்பன் பணித்தார்.

ஆளவந்தார் திருவரங்கம் திரும்பினார். ஒருநாள் பெரியபெருமாள் முன்னே அரையர் திருவாய்மொழியில் திருவனந்தபுரத்துப் பாசுரங்களை இசைத்து அபிநயித்தார். அதில் உள்ளம் பறிபோன ஆளவந்தார் அப்படியே மலைநாட்டுக்குப் பயணமானார். அங்கே ஓலையை எடுத்துப் பார்த்தபோது, குறிக்கப்பட்ட நாள் அன்றாகவே இருந்தது. அத்தனை தொலைவை ஒரு பகலில் கடக்க வழியில்லை. காவலப்பனோடு அந்த யோக மரபும் மறைந்தது.

இழப்பைச் சொல்லும் கதைதான் இது. ஆனால் இழப்புக்கு என்ன காரணம் காட்டப்படுகிறது என்று நோக்குவோம். சோம்பலோ பகையோ போரோ இல்லை. ஒரு பாசுரம் பாடப்பட்டது. கேட்டவர் தம்மை மறந்து புறப்பட்டார். பாட்டனாரின் இரு செல்வங்களில் ஒன்று மற்றொன்றின் வழியாகவே கைநழுவிப் போயிற்று. உய்யக்கொண்டார் தெரிந்தே தேர்ந்த ஒன்றை ஆளவந்தார் தம்மை அறியாமல் மீண்டும் தேர்ந்தார் என்று இக்கதை நமக்கு உணர்த்துவதாகவே கொள்ளலாம்.

திருவரங்கத்தில் இராமானுசர்

மரபுவழியாக இராமானுசரின் காலம் 1017 முதல் 1137 வரை என்பர். பக்தியை வளர்த்த இராமானுசர் யோகத்தை விலக்கினார் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அவருடைய ஸ்ரீபாஷ்யத்தைப் பார்த்தால் நிலைமை அவ்வளவு எளிதன்று. அங்கே பக்தி என்பது ஆடலும் பாடலும் கண்ணீரும் என்று விளக்கப்படவில்லை. எண்ணெய் ஒழுக்குப்போல் அறுபடாத நினைவு, நேரில் காண்பதற்கு நிகரான தெளிவு கொண்ட தியானம் என்றே விளக்கப்படுகிறது. அதற்குரிய ஏழு துணைகளையும் அவர் எடுத்துரைக்கிறார். உணவுத் தூய்மை, ஆசையின் பிடியிலிருந்து விடுபடல், இடையறாப் பயிற்சி, விதித்த கடமைகளைச் செய்தல், வாய்மை முதலிய நற்பண்புகள், மனம் தளராமை, மிகைக் களிப்பின்மை என்பன அவை. இவ்வகையில் பக்தியும் ஒரு கடும் யோகமே.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. இந்தப் பக்தி யோகத்துக்கு வேதக் கல்வி அடிப்படை. பிரம்ம சூத்திரத்தின் உரிமை பற்றிய பகுதிக்கு உரை எழுதும்போது, வேதம் ஓதும் உரிமை இல்லாத நான்காம் வருணத்தார்க்கு இந்த உபாசனையில் உரிமை இல்லை என்ற பழைய முடிவையே இராமானுசரும் ஏற்கிறார். இதனை மறைத்து எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் நன்மையாகாது. விடுதலைக்கான அரசபாட்டை ஒன்று இருந்தது. அதன் வாயில் பெரும்பாலான மக்களுக்குச் சாத்தியிருந்தது.

அதே இராமானுசரைத்தான் மரபு வேறொரு கோலத்திலும் நினைவில் வைத்திருக்கிறது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மறைபொருளைப் பலரும் கேட்க வெளியிட்டவர் அவர். தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வாராயின் நன்று என்று அவர் கூறியதாகச் சொல்லப்படும் விடை, உய்யக்கொண்டாரின் கேள்விக்கு நேர் உறவினது. பங்குனி உத்திரத் திருநாளில் திருவரங்கத்துச் சேர்த்தியின் முன்னே அவர் விண்ணப்பித்ததாகப் போற்றப்படும் சரணாகதி கத்யத்தில் ஏழு துணைகளின் ஏற்பாடு முன்னிற்கவில்லை. வேறு புகலில்லாதவன் அடைக்கலம் புகுவதே முன்னிற்கிறது. கத்யங்கள் அவர் இயற்றியவைதாமா என்று ஐயுற்ற ஆய்வாளரும் உளர். எனினும் சரணாகதியே எல்லார்க்கும் உரிய வழி என்ற கொள்கை அவருக்குப் பின் திருவரங்கத்தில் உறுதிப்பட்டது என்பதில் ஐயமில்லை. வேதம் வேண்டா, உடற்பயிற்சி வேண்டா, பிறப்புத் தகுதி வேண்டா. தன்னால் இயலாது என்ற உணர்வே தகுதி.

இதற்கு முன்மாதிரி உள்ளூரிலேயே இருந்தது. உறையூர்த் திருப்பாணாழ்வார் தாழ்ந்தவராகக் கருதப்பட்ட பாணர் குலத்தில் வளர்ந்தவர். காவிரிக் கரையிலேயே நின்றவர். உலோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து பெருமாள் முன் கொண்டு சேர்த்தார் என்கிறது மரபு. அவர் நடந்து செல்லவில்லை, சுமக்கப்பட்டார்.

குரங்கும் பூனையும்

அடைக்கலமே வழி என்று முடிவான பின்னும் வினா ஓயவில்லை. அடைக்கலம் புகுதல் என்பதும் உயிர் செய்யும் ஒரு செயல்தானே? அப்படியானால் அதுவும் ஒரு முயற்சிதானே? 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் திருவரங்கம் இதைப் பற்றியே ஆழ்ந்து சிந்தித்தது.

பிள்ளை லோகாசாரியர் மணிப்பிரவாள நடையில் இயற்றிய முமுட்சுப்படியும் ஸ்ரீவசனபூஷணமும் இறைவன் ஒருவனே வழி என்கின்றன. உயிரின் பங்கு அவனைத் தடுக்காதிருத்தல் மட்டுமே. அடியாரின் பிறப்பை ஆராய்தல் கொடிய குற்றம் என்பதும் அவர் கருத்து. வேதாந்த தேசிகரோ தம் ரகசியத்திரயசாரத்தில், சரணாகதி உரிய உறுப்புகளோடு செய்யப்படவேண்டிய ஒரு செயல் என்றும், அருள் செய்ய இறைவனுக்கு அது ஒரு முகாந்தரமாகிறது என்றும் நிறுவினார். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி வடகலைக்கும், தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கும் உவமைகளாகப் பிற்காலத்தில் வழங்கலாயின. நுட்பமான இரு கொள்கைகளை இவ்வுவமைகள் சற்று மிகையாகவே எளிமைப்படுத்திவிட்டன. சரணாகதி எல்லார்க்கும் உரியது என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. சுமக்கப்பட்ட பாணரின் பாசுரங்களுக்கு முனிவாகன போகம் என்று உரை கண்டவர் தேசிகரே என்பதை மறக்கலாகாது.

1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது இவ்விரு கொள்கைகளும் ஏட்டிலிருந்து வாழ்வுக்கு வந்தன. முதியவரான லோகாசாரியர் நம்பெருமாள் திருமேனியைக் காத்துக்கொண்டு தெற்கே சென்று, மதுரைப் பக்கத்துச் சோதிஷ்குடியில் உயிர் நீத்தார். தேசிகர் ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையாகிய சுருதப்பிரகாசிகையின் சுவடியைக் காப்பாற்றி எடுத்துச் சென்றார் என்பது மரபு. நம்பெருமாள் மீண்டும் திருவரங்கம் சேர்ந்தது 1371-இல்தான். எல்லாம் இறைவன் செயல் என்று சொன்னவரே அந்த இறைவனின் திருமேனியைத் தோள்கொடுத்துக் காத்தார். கொள்கையில் உயிரின் முயற்சிக்கு இடமளிக்காதவர் வாழ்வில் முயற்சியைக் கைவிடவில்லை.

மலைக்கோட்டையின் மௌனம்

காவிரியின் இக்கரையில் சைவம் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளை அது அமைத்தது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தையும், ஐந்தாம் தந்திரம் இந்நான்கு நெறிகளையும் பேசுகின்றன. தொண்டன் வழி, மகன் வழி, தோழன் வழி, ஞானநெறியாகிய சன்மார்க்கம் என்று இவற்றுக்கு உறவுப் பெயரும் உண்டு. அப்பர், சம்பந்தர், சுந்தரர், மணிவாசகர் ஆகிய நால்வரும் முறையே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, யோக நெறிக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டவர் மூச்சடக்கிக் குகையில் இருந்த முனிவர் அல்லர் என்பதே. இல்லறத்தில் இருந்து, இறைவனோடு ஊடி, அவனையே தூது அனுப்பிய சுந்தரர் அவர். சைவம் யோகத்தை உடற்கலையாக மட்டும் கொள்ளாமல் தோழமையாகவும் கொண்டது. எறும்பியூரைப் பாடிய அப்பர் உழவாரப் படையேந்திப் புல் செதுக்கிய தொண்டர். படிவரிசையில் முதற்படிக்கு உரியவர். ஆனால் அவர் பெற்ற பேறு குறைந்தது என்று எந்தச் சைவரும் கருதியதில்லை.

18-ஆம் நூற்றாண்டில் மலைக்கோட்டையில் இந்நெறிகள் ஒரே மனிதரிடம் கூடின. விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரசில் கணக்கு அலுவல் பார்த்த தாயுமானவர், திருமூலர் மரபில் வந்த மௌனகுருவிடம் உபதேசம் பெற்றார். யோகப் பயிற்சியின் அருஞ்சொற்கள் அனைத்தும் அவர் பாடல்களில் உண்டு. நான்கு படிகளையும் ஒரே செடியின் மொட்டும் பழமும்போலத் தொடர்ச்சியாகக் கண்டவர் அவர். சித்திகள் பலவற்றை அடுக்கிச் சொல்லி, அவற்றையெல்லாம் ஒருவன் பெற்றுவிட்டாலும் மனம் அடங்கிச் சும்மா இருப்பது அதனினும் அரிது என்று அவர் முடிக்கும்போது, சித்திகளால் தடுமாறும் உபநிடத எறும்பு நம் நினைவுக்கு வருகிறது. கணக்கேடும் அரண்மனையும் சூழ்ந்த வாழ்வில் இருந்தவருக்கு ஆசிரியர் தந்தது மௌனம். அதைப் பழகக் காடு தேவையில்லை. எளிது என்று மட்டும் எவரும் சொல்ல முடியாது.

திரும்பி வந்த யோகம்

காவலப்பனோடு மறைந்ததாகச் சொல்லப்பட்ட யோகத்துக்கு 20-ஆம் நூற்றாண்டில் எதிர்பாராத ஒரு தொடர்ச்சி அமைந்தது. நாதமுனிகளின் வழித்தோன்றல் என்று தம்மைக் கூறிக்கொண்ட திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989), தம் பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரியில் நாதமுனிகளின் யோக ரகசியம் தமக்கு ஒரு காட்சியில் உபதேசிக்கப்பட்டதாகச் சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளப்பாங்கு. ஆனால் 1930-களில் மைசூர் அரண்மனையில் அவர் நடத்திய யோகசாலையிலிருந்தும், அவரைச் சார்ந்தும் உருவானவர்கள் பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி முதலியோர். உலகெங்கும் இன்று யோகா என்ற பெயரில் பயிலப்படும் ஆசனக் கலையின் பெரும்பகுதி இவர்கள் வழியாகவே பரவியது. யோகத்தை இழந்ததாகத் தன்னைப் பற்றிக் கதை சொன்ன மரபில் பிறந்த ஒருவர், உலகுக்கு அதைக் கற்பிப்பதில் முன்னின்றார்.

ஐக்கிய நாடுகள் அவை 2014-இல் அறிவித்தபடி, 2015 முதல் ஜூன் 21 பன்னாட்டு யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. யோகம் இப்போது எல்லார்க்கும் திறந்திருக்கிறது. வேத உரிமை கேட்பாரில்லை, குலம் கேட்பாரில்லை. இது பெரிய மாற்றம், வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் திறந்த வாயிலின் வழியாக உள்ளே செல்வோர் தேடுவது பெரும்பாலும் முதுகுவலிக்குத் தீர்வும் மனவிறுக்கத்துக்கு மருந்தும்தான். அவற்றில் தவறில்லை. விடுதலை என்ற சொல் மட்டும் இடையில் எங்கோ உதிர்ந்துவிட்டது. முன்பு வழி குறுகலாக இருந்தது, இலக்கு பெரிதாக இருந்தது. இன்று வழி அகன்றிருக்கிறது, இலக்கு சுருங்கியிருக்கிறது.

உய்யக்கொண்டார், இராமானுசர், லோகாசாரியர், தேசிகர், தாயுமானவர் ஆகியோர் ஒன்றை மற்றொன்றுக்காக விட்டுக்கொடுக்காமல் இரண்டையும் காக்க முயன்றனர் என்பதே நம் கணிப்பு. இலக்கைக் குறைக்காமல் எளியவரும் அடையும் வழி யாது என்று அவர்கள் தேடினர். விடைகள் வேறுபட்டன, சில இடங்களில் தடுமாற்றமும் இருந்தது. ஆயினும் கேள்வி ஒன்றே.

தலபுராணத்தை யாத்த பெயர் தெரியாத கதைசொல்லிக்கும் அக்கேள்வி தெரிந்திருந்தது. அவருடைய கதையில் எறும்பு பறவையாக மாறவில்லை. அதை யாரும் கவ்வித் தூக்கவும் இல்லை. அது தன் சின்னஞ்சிறு கால்களாலேயே ஏறிற்று. ஏறும் அளவுக்குச் சிகரம் சாய்ந்து கொடுத்தது.